வட எல்லைக் கோட்டையில் ஒரு கழிப்பிடம்

பழைய கோட்டை ஒன்றைக் காணச் செல்லும் பிரயாணிகள் வாயிலைப் பார்ப்பார்கள், மதிலின் கனத்தைப் பார்த்து வியப்பார்கள், சேனாதிபதி குடியிருந்த மாளிகை எது, ஆயுதசாலை எது, தானியக் களஞ்சியம் எது என்று வழிகாட்டியிடம் விசாரிப்பார்கள். ஆனால் இத்தனை மனிதர்கள் வருஷக்கணக்காக உண்டும் உறங்கியும் வாழ்ந்த இந்த மதிலுக்குள் அவர்கள் தங்கள் காலைக்கடனை எங்கே கழித்தார்கள் என்று கேட்பவர் மிகச் சிலரே. கேட்பது அநாகரிகம் என்ற கூச்சம் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம். கேட்டாலும் காட்டுவதற்குப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிராது என்பது அதைவிடப் பெரிய காரணம். வெற்றியைக் கொண்டாடும் வளைவுகளுக்குச் சலவைக்கல்லைத் தேடிப்போன அரசர்களில் எத்தனை பேர் சிப்பாயின் மலசலகூடத்துக்கு நல்ல கல்லைச் செலவிட்டார்கள்? அப்படிச் செலவிட்ட அபூர்வமான இடங்களுள் ஒன்று, இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்து மாகாணத்து மேட்டு நிலத்தில், ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் தன் அடையாளம் சிதையாமல் இருக்கிறது. ஹவுஸ்டெட்ஸ் என்று இன்று வழங்கும் அந்த இடத்துக்கு ரோமர்கள் இட்ட பெயர் வெர்கோவிசியம்.

கி.பி. 122-இல் ரோமச் சக்கரவர்த்தி ஹேட்ரியன் பிரிட்டனுக்கு விஜயம் செய்த காலத்தில், சாம்ராஜ்யத்தின் வடக்கு எல்லையை நிர்ணயம் செய்யும் பொருட்டு, கிழக்கே டைன் நதிக்கரை தொடங்கி மேற்கே ஸால்வே கடற்கழி வரையில் ஏறக்குறைய 117 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு நெடுஞ்சுவர் எழும்பலாயிற்று. அந்தச் சுவரை ஒட்டி இடைவிட்டு இடைவிட்டு அமைந்த கோட்டைகளில் ஒன்றுதான் ஹவுஸ்டெட்ஸ். வடக்கே செங்குத்தான கரும்பாறைச் சரிவு இயற்கை அரணாக நிற்க, அதன் விளிம்பில் சுமார் ஐந்து ஏக்கர் பரப்பில், மூலைகளை வளைத்துவிட்ட நீண்ட சதுர வடிவில் அதைக் கட்டினார்கள். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் அங்கே தங்கியிருந்தது துங்கிரியர்களின் முதலாவது படைப்பிரிவு. இன்றைய பெல்ஜியம் தேசத்தின் டொங்கரென் நகரைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் ஆதியில் திரட்டப்பட்ட படை அது. எண்ணூறு பேர் கொண்ட பெரிய பிரிவு என்பது ஏட்டுக் கணக்கு. நீண்ட நீண்ட கொட்டில்களாகக் கட்டி, ஒவ்வொன்றையும் பத்துப் பன்னிரண்டு அறைகளாகத் தடுத்து, ஓர் அறைக்கு எட்டுப் பேர் வீதம் சிப்பாய்களைக் குடியமர்த்தி, கோடியிலிருந்த விசாலமான பகுதியை அவர்களுடைய அதிகாரிக்கு ஒதுக்கினார்கள். அந்த அறைகளின் அஸ்திவாரங்களை இன்று பார்க்கிறவர்களுக்கு, ஈரக் கம்பளியும் தோலும் அடுப்புப் புகையும் கலந்து நாறிய அந்த வாழ்க்கையில் சிப்பாய்க்குச் சொந்தமாயிருந்த இடம் எவ்வளவு குறைவு என்பது சொல்லாமலே விளங்கும்.

கோட்டை அமைந்த நிலம் சமதளமன்று. வடமேற்கிலிருந்து தென்கிழக்கை நோக்கி நன்றாகச் சரிந்து இறங்குகிறது. சமதளத்தில் கோட்டை கட்டிப் பழகிய படை இதை ஒரு தொல்லையாகக் கருதியிருக்கலாம். இந்தக் கோட்டையின் நிர்மாணகர்த்தர்களோ அதையே வசதியாக மாற்றிக்கொண்டார்கள். மேலிருந்து பெய்கிற நீரெல்லாம் எந்த மூலைக்கு வந்து சேரும் என்று பார்த்து, அந்தத் தென்கிழக்கு மூலையில், மதிலுக்கு உட்புறமாக, படைக்கு உரிய பொதுக் கழிப்பிடத்தை அமைத்தார்கள். நிலத்தின் தாழ்வு எங்கே இருக்கிறதோ அங்கே சாக்கடையின் முடிவு இருக்கவேண்டும் என்பது இன்று ஒரு மேஸ்திரிக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் வரைபடத்தின் அழகுக்காகக் கழிவறையை மேட்டில் வைத்துவிட்டுப் பிறகு ஆயுள் முழுவதும் அடைப்பு நீக்குகிறவர்கள் நம் காலத்திலும் குறைவில்லையாதலால், அந்தப் பழைய சாமர்த்தியத்தைச் சற்று நின்று பாராட்டுவது தகும்.

இன்று எஞ்சியிருப்பது கூரையில்லாத ஒரு நீண்ட அறை. சுவர்கள் இடுப்பளவுக்குச் சற்று ஏறக்குறைய நிற்கின்றன. அறையின் நடுவே கல் பாவிய மேடை. மேடையைச் சுற்றி, சுவரோரமாக, ஆழமாக வெட்டிக் கல்லால் கட்டிய கால்வாய். அந்தக் கால்வாயின்மேல் இரு மருங்கிலும் வரிசையாக இருக்கைப் பலகைகள் இருந்தன. அவற்றைத் தாங்குவதற்கான ஏற்பாடுகளின் அடையாளம் கல்லில் இன்றும் தெரிகிறது. பலகைகள் மரத்தாலானவையாகவே இருந்திருக்கவேண்டும், ஏனென்றால் மரம் மட்கிப்போய்விட்டது. உட்கார்ந்தவர்களுடைய பாதங்களுக்கு முன்னால், மேடையின் விளிம்பிலேயே, ஒரு சாண் அகலத்துக்குச் சிறிய நீரோடை ஒன்று கல்லில் குடைந்து செல்கிறது. நடு மேடையில் கை கழுவக் கல்தொட்டிகள். பெரிய கால்வாயில் விழுந்தது எதுவோ அதை, மேலிருந்து விடப்படும் நீர் அடித்துக்கொண்டு அறையைச் சுற்றிவந்து, மதிலின் அடியில் விட்ட துவாரத்தின் வழியாகக் கோட்டைக்கு வெளியே சரிவில் கொண்டுபோய்த் தள்ளியது.

இத்தனைக்கும் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இதே சுவரை ஒட்டிய கிரேட் செஸ்டர்ஸ் என்னும் கோட்டைக்குச் சுமார் ஆறு மைல் தூரம் வளைந்து வளைந்து செல்லும் கால்வாய் ஒன்றை வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குன்றின் முதுகில் இருக்கும் ஹவுஸ்டெட்ஸுக்கு அந்தப் பாக்கியமில்லை. கிழக்குப் பக்கத்தில் ஓடும் நாக் பர்ன் என்னும் சிற்றோடை கோட்டைக்குக் கீழே ஓடுகிறது. கீழே இருப்பதை மேலே ஏற்றுவது மனித உழைப்பு. ஆகவே அவர்கள் வானத்தை நம்பினார்கள். வடக்கு இங்கிலாந்தில் வானத்தை நம்புவது மோசம்போகிற காரியமன்று. கோட்டைக்கு வெளியே இருந்த குடியிருப்பில் கண்டெடுத்த ஒரு சிற்பத்தில் மூன்று தெய்வங்கள் தலை முதல் கணுக்கால் வரை மூடிய முக்காட்டு அங்கியுடன் நிற்கின்றன என்றால் அந்தச் சீமையின் மழையையும் குளிரையும் பற்றி வேறு சாட்சியம் தேவையில்லை. கூரைகளிலிருந்து வழிந்த மழைநீரைத் தெருவோர வடிகால்களில் திரட்டி, கோட்டையில் ஆங்காங்கே கல்தொட்டிகளில் தேக்கினார்கள். கழிப்பிடத்துக்கு அருகில் உள்ள தொட்டிதான் நாம் பார்க்கவேண்டியது. பெரிய பெரிய கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, பலகையும் பலகையும் சந்திக்கும் இடத்தில் காடி வெட்டி, உருக்கிய ஈயத்தை வார்த்து அடைத்துக் கசிவில்லாமல் செய்திருக்கிறார்கள். அதன் மேல்விளிம்பு பல இடங்களில் தேய்ந்து குழிந்திருக்கிறது. துணியைத் தேய்த்துத் துவைத்ததால் உண்டான குழிவு என்பார் சிலர்; கத்தி தீட்டியதால் என்பார் சிலர். எப்படியாயினும், பெயர் தெரியாத சாமானியர்களின் கை பட்டுத் தேய்ந்த அந்த விளிம்பு, சக்கரவர்த்தியின் பெயரைப் பொறித்த பல கல்வெட்டுகளைவிட எனக்கு நெருக்கமானதாகத் தோன்றுகிறது.

அந்த அறையில் தடுப்புச் சுவர் எதுவும் இல்லை என்பதை நம் வாசகர்கள் கவனிக்கவேண்டும். தோளோடு தோள் உரசும்படி உட்கார்ந்து, எதிர் வரிசையில் இருப்பவரைப் பார்த்துப் பேசிக்கொண்டே காரியத்தை முடிப்பது ரோமர்களின் சம்பிரதாயம். ரோம நகரங்களின் பொதுக் கழிப்பிடங்களும் இப்படித்தான் இருந்தன. முன்னால் ஓடும் சிற்றோடை எதற்காக என்பதற்குப் பண்டிதர்கள் கூறும் விளக்கம், கோலின் முனையில் கட்டிய கடற்பஞ்சை நனைத்துச் சுத்தம் செய்துகொள்வதற்காக என்பது. தண்ணீரையே நம்பிப் பழகிய நமக்கு இது முகம் சுளிக்கவைக்கும் ஏற்பாடு. ஒருவர் உபயோகித்ததை அலசி மற்றொருவர் உபயோகித்திருக்கக்கூடும் என்று நினைக்கும்போது சுளிப்பு இன்னும் அதிகமாகும். அந்தப் பஞ்சுக்கோல் உடலைத் துடைப்பதற்கன்று, இருக்கையைத் தேய்த்துக் கழுவுவதற்கே என்று வாதிப்பவர்களும் இருக்கிறார்கள். தத்துவஞானி செனெகா தம் கடிதம் ஒன்றில், மிருகங்களுடன் போரிட அனுப்பப்பட இருந்த ஒரு ஜெர்மானிய அடிமை, காவலன் கண்ணில் படாமல் தனித்திருக்கக் கிடைத்த ஒரே இடமான கழிப்பிடத்துக்குள் புகுந்து, அத்தகைய பஞ்சுக்கோலைத் தொண்டைக்குள் திணித்துக்கொண்டு உயிரை விட்ட செய்தியைச் சொல்லி, அவனுடைய துணிவைப் புகழ்கிறார். இலக்கியத்தில் இந்த எளிய கருவிக்குக் கிடைத்த இடம் அவ்வளவு பயங்கரமானது. கடற்பஞ்சு மத்தியதரைக் கடலில் விளைவது. ஸ்காட்லாந்து எல்லை வரையில் எல்லாச் சிப்பாய்களுக்கும் அது கிடைத்திருக்கும் என்று நம்புவது கடினம். அதற்குப் பதிலாக அவர்கள் எதை உபயோகித்தார்கள் என்பதைக் கூற ஒரு சாக்கடை முன்வந்திருக்கிறது. அந்த விருத்தாந்தம் சுவாரசியமானது.

ஹேட்ரியன் சுவருக்கு வடக்கே, ஹேட்ரியனுக்கு அடுத்த சக்கரவர்த்தியான அந்தோனினஸ் பியுஸின் ஆட்சியில் இன்னொரு சுவர் எழுந்தது. அதன் கோட்டைகளில் ஒன்று, இன்றைய கிளாஸ்கோ நகரின் புறநகரான பேர்ஸ்டனில் இருந்தது; கி.பி. 142-ஐ ஒட்டிக் கட்டப்பட்டு, இருபது வருஷத்துக்குள் கைவிடப்பட்ட இடம். 1970-களில் டேவிட் பிரீஸ் என்னும் தொல்லியல் அறிஞர் அங்கே அகழ்ந்தபோது, ஸ்நான கட்டடத்தையும் கழிப்பிடத்தையும் கண்டதோடு, கழிப்பிடத்துக் கழிவு வெளியேறிக் கோட்டையின் அகழியில் தேங்கி, காற்றுப் புகாத ஈர மண்ணுக்குள் அப்படியே அமிழ்ந்து கிடப்பதையும் கண்டார். விஞ்ஞானிகள் அதைச் சோதித்தார்கள். கோதுமைத் தவிடு, பார்லி, அத்திப்பழத்தின் விதை, காட்டுப் பழங்களின் விதை. இவற்றோடு நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கொத்தமல்லியும் கசகசாவும்கூட! அத்தி அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் விளைவதன்று. வியாபாரிகள் தெற்கேயிருந்து கொண்டுவந்திருக்கவேண்டும். கழிவில் கொழுப்புச் சத்தின் அடையாளம் மிகக் குறைவாயிருந்ததைக் கொண்டு, சிப்பாய்கள் இறைச்சியைக் காட்டிலும் தானியத்தையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்தார்கள் என்று நிர்ணயித்தார்கள். மாவில் கலந்து அரைபட்ட தானிய வண்டுகளின் துணுக்குகளும் இருந்தன; களஞ்சியத்தின் யோக்கியதையை அவை கூறுகின்றன. பாசியும் ஏராளமாக இருந்தது. மெத்தென்ற அந்தப் பாசிதான் கடற்பஞ்சு கிட்டாத சிப்பாய்க்குக் கை கொடுத்தது என்பது ஆராய்ச்சியாளர் முடிவு. அதோடு, வட்டப்புழு, சாட்டைப்புழு ஆகிய குடற்புழுக்களின் முட்டைகளும் இருந்தன.

இந்தப் புழுமுட்டைகள்தாம் என்னைச் சிந்திக்க வைக்கின்றன. ஓடும் நீர், கல் பாவிய தளம், கை கழுவத் தொட்டி, கழிவு கோட்டைக்கு வெளியே செல்ல வழி. இத்தனையும் அமைத்த ஒரு சேனைக்கு வயிற்று நோய் குறைந்திருக்கவேண்டுமல்லவா? குறைந்ததாகத் தெரியவில்லை. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சேர்ந்த பியர்ஸ் மிட்செல், ரோம சாம்ராஜ்யம் பரவிய தேசங்களில் கிடைத்த ஒட்டுண்ணிச் சான்றுகளையெல்லாம் தொகுத்து 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ரோமர்களின் கழிப்பிடங்களாலும் ஸ்நான கட்டடங்களாலும் குடற்புழுக்கள் குறைந்ததற்கு அடையாளமே இல்லை என்று கண்டார். காரணம் ஊகிக்கக்கூடியதே. நகரத்திலிருந்து அகற்றிய மலத்தை வயலுக்கு எருவாக இட்டால் முட்டைகள் காய்கறியோடு திரும்பி வந்துவிடும். பலர் குளித்த வெந்நீரை அடிக்கடி மாற்றாவிட்டால் குளிப்பதே நோய்க்கு வழியாகும். கிருமி என்பது இன்னதென்று அறியாத காலம் அது. கண்ணுக்கும் மூக்குக்கும் அருவருப்பானதை அப்புறப்படுத்துவதே சுத்தம் என்று அவர்கள் கருதினார்கள். அதில் அவர்கள் சாதித்தது கொஞ்சமன்று. ஆனால் அது ஆரோக்கியத்தில் பாதிதான்.

படையின் ஆரோக்கியத்தைப் பற்றி அவர்கள் அலட்சியமாயிருந்தார்கள் என்று இதனால் எண்ணிவிடக்கூடாது. கோட்டையின் நடுவே, தலைமைக் காரியாலயத்துக்குப் பின்புறத்தில் இருக்கும் கட்டடத்தை ஆஸ்பத்திரி என்று கருதுகிறார்கள். முற்றத்தைச் சூழ்ந்து அறைகள் அமைந்த அந்தக் கட்டடத்தின் ஒரு மூலையிலும் கழிப்பிடம் உண்டு. நோயாளி, மழையில் நனைந்துகொண்டு தென்கிழக்கு மூலைவரை சரிவில் இறங்கவேண்டியதில்லை என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதற்குப் பின்னரோ போர்க்கலை நூல் எழுதிய வெஜீஷியஸ், சேனையைச் சதுப்பு நிலங்களுக்கு அருகில் தங்கவைக்கக்கூடாது, கெட்ட நீரைக் குடிக்க விடக்கூடாது, கோடையில் ஒரே இடத்தில் நெடுநாள் பாளையமிறங்கினால் நீரும் காற்றும் கெட்டு நோய் பரவும் என்றெல்லாம் எச்சரிக்கிறார். காரணம் தெரியாவிட்டாலும் காரியம் தெரிந்தவருடைய அனுபவமொழி அது. துங்கிரியர் படைக்கு வைத்தியரும் இருந்தார். அனிஸியஸ் இன்ஜெனுவஸ் என்பது அவர் பெயர். முயல் உருவம் செதுக்கிய அவருடைய கல்லறைக் கல் ஹவுஸ்டெட்ஸில் கிடைத்தது. அந்தக் கல் அவருடைய வயதையும் கூறுகிறது. வைத்தியர் இறந்தபோது அவருக்கு வயது 25.

குளிப்பதற்கு வேறு கட்டடம். நெருப்பு மூட்டித் தரையை அடியிலிருந்து சூடேற்றும் ஸ்நான கட்டடங்களை, தீ விபத்துக்கு அஞ்சியும் நீர் வசதியை உத்தேசித்தும், சுவரோரக் கோட்டைகளில் பெரும்பாலும் மதிலுக்கு வெளியிலேயே வைத்தார்கள். ஹவுஸ்டெட்ஸில் அது நாக் பர்ன் ஓடைக்கருகே இருந்தது. இன்று பார்க்கத்தக்க நிலையில் அங்கே அதிகம் இல்லை. அத்தகைய கட்டடம் ஒன்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் கிழக்கே வடக்கு டைன் நதிக்கரையிலுள்ள செஸ்டர்ஸ் கோட்டைக்குப் போகவேண்டும். உடைமாற்றும் கூடத்தின் சுவரில் ஏழு மாடங்கள் வரிசையாக இருக்க, ஆளுயரச் சுவர்களோடு அந்த ஸ்நான கட்டடம் கம்பீரமாக நிற்கிறது. ஹவுஸ்டெட்ஸுக்கு மிக அருகேயுள்ள வின்டோலாண்டா கோட்டையிலோ, மரமும் மட்காத ஈர மண்ணின் புண்ணியத்தால், 2014-இல் மரத்தால் செய்த கழிப்பிட இருக்கை ஒன்றே முழுசாகக் கிடைத்தது. உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பேறிய அந்தப் பலகை, ஹேட்ரியன் சுவர் எழுவதற்கு முன்பே உபயோகத்திலிருந்து குப்பையில் எறியப்பட்டது.

கழிப்பிடத்தைக் கழுவியவர் யார் என்ற கேள்வியும் எழத்தான் வேண்டும். ரோமப் படையில் தச்சன், கொல்லன், எழுத்தன், வைத்தியன் முதலிய தொழில் தெரிந்தவர்களுக்குக் கூலிவேலையிலிருந்து விலக்கு உண்டு. மற்றச் சிப்பாய்கள் கல் உடைப்பது, மண் சுமப்பது, ஸ்நான கட்டடத்தில் வேலை பார்ப்பது போன்ற வேலைகளை முறைவைத்துச் செய்தார்கள். எகிப்தில் கிடைத்த பட்டாளக் காகிதங்களில் இன்ன நாளில் இன்னாருக்கு இன்ன வேலை என்று கட்டம் போட்டு எழுதிய ஜாப்தாவே இருக்கிறது. அகப்பட்ட அடிமைகளும் உதவியிருக்கலாம். ஆனால் படையில் சேர்ந்தவன் எவனும் அழுக்கு வேலைக்குப் பிறந்தவனும் அல்ல, அதற்கு அப்பாற்பட்டுப் பிறந்தவனும் அல்ல என்ற ஏற்பாட்டை இதில் காண்கிறோம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் ரோம ஆட்சி முடிந்தபின், கோட்டை இடிந்தது. கல்லை அக்கம்பக்கத்தார் கொண்டுபோனார்கள். மூலைக் கழிப்பிடத்தின்மேல் மதில் சரிந்து மண் மூடிற்று. பின்னாளில் அது எல்லைப்புறக் கொள்ளைக்காரர்களின் புகலிடமாயிற்று. 1599-இல் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்த சரித்திராசிரியர் வில்லியம் கேம்டன், திருடர் பயத்தால் இந்தப் பகுதியை நெருங்காமலே திரும்பிவிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஸ்டூக்லி என்பவர், பாழடைந்த கீழ்த்திசை நகரமாகிய தாத்மோருக்கு ஈடாக இதை வர்ணித்தார். 1838-இல் நியூகாஸில் நகரத்து வழக்கறிஞர் ஜான் கிளேட்டன் இந்த நிலத்தை விலைக்கு வாங்கியதால் கல் திருட்டு நின்றது. 1898-இல் ராபர்ட் கார் பாசன்கெட் என்னும் இளைஞர் அகழ்ந்து, கோட்டை முழுவதன் அமைப்பையும் வரைபடமாக்கினார். சரிந்த மண்ணே காவலாக இருந்ததால்தான் தாழ்ந்த மூலையிலிருந்த கட்டடம், உயர்ந்த மேட்டிலிருந்த கட்டடங்களைக் காட்டிலும் நன்றாகப் பிழைத்திருக்கிறது.

கிளேட்டன் தம் நிலத்தில் இந்தக் கற்களை அரும்பொருளாகப் பாதுகாத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அவருடைய அரசாங்கத்தின் சிப்பாய்கள் எப்படி வாழ்ந்தார்கள்? இரவில் படுக்கையறை நடுவே ஒரு மரத்தொட்டியை வைத்து, அறையிலுள்ள அத்தனை பேரும் அதிலேயே சிறுநீர் கழித்து, ஜன்னல் அடைத்த அந்த நாற்றத்திலேயே உறங்கினார்கள். கிரிமியா யுத்தத்தில், காயம்பட்டவர்களையும் நோயுற்றவர்களையும் கப்பலேற்றி, கான்ஸ்டாண்டிநோபிளுக்கு எதிர்க்கரையிலுள்ள ஸ்குடாரியில், துருக்கியரின் ஸெலிமியே பட்டாளக் கட்டடத்தை ஆஸ்பத்திரியாக்கி அங்கே கிடத்தினார்கள். கட்டடத்துக்கு அடியில் ஓடிய சாக்கடைகள் அடைபட்டு, அவற்றின் விஷக்காற்று கழிப்பிடக் குழாய்களின் வழியே நோயாளிகளிடையே ஏறிவந்தது. 1855-ஆம் வருஷம் பிப்ரவரியில் அங்கே மரணவிகிதம் நூற்றுக்கு 42-ஐ எட்டிற்று. மார்ச்சில் ஜான் ஸதர்லாண்ட், ராபர்ட் ராலின்ஸன் முதலியோர் அடங்கிய சுகாதாரக் கமிஷன் வந்து இறங்கிச் சாக்கடைகளைக் கழுவி, காற்றோட்டத்துக்கு வழி செய்து, சுவர்களுக்குச் சுண்ணாம்படித்தபின், ஜூனில் அது நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது. குளிர்காலம் தணிந்ததும் கூட்டம் குறைந்ததும் அதற்கு உதவின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்; எனினும் சாக்கடையின் பங்கை மறுப்பார் இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் தாதியாகப் பணியாற்றிய நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கைப் பற்றிப் படித்தவர்கள் அநேகர். சாக்கடை கழுவிய ராலின்ஸன் என்னும் பொறியாளரின் பெயரை அறிந்தவர்கள் அபூர்வம். அந்த அம்மையாரோ கமிஷனின் வேலையை நன்றாக உணர்ந்து, நாடு திரும்பியபின் தம் ஆயுளைச் சுகாதாரப் புள்ளிவிவரங்களுக்கே அர்ப்பணித்தார்.

1857-இல் ஸிட்னி ஹெர்பர்ட் தலைமையில் அமைந்த ராயல் கமிஷன், சமாதான காலத்தில் தாய்நாட்டிலேயே, வயதில் ஒத்த சாதாரண ஜனங்களைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு சிப்பாய்கள் இறக்கிறார்கள் என்று கணக்கோடு காட்டிற்று. அதன்பிறகுதான் பிரிட்டிஷ் பட்டாளக் குடியிருப்புகளில் தனியான கழிப்பிடங்களும், முகம் கை கழுவும் கட்டடங்களும், ஆளுக்கு 600 கன அடி காற்றிடம் என்ற விதியும் வந்தன. இந்தியாவுக்கென்று 1859-இல் நியமித்த கமிஷன் 1863-இல் அறிக்கை வெளியிட்டது. இங்கிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆயிரத்துக்கு 69 பேர் ஆண்டுதோறும் இறந்ததாகவும், அவர்களைக் கொன்றது பகைவரின் குண்டைவிடக் கெட்ட நீரும் சாக்கடையும் நெருக்கமுமே என்பதாகவும் அது கூறியது. சென்னை ராஜதானியின் பாளையங்களும் அந்த விசாரணைக்கு உட்பட்டவையே. மறுவருஷம் வங்காளம், பம்பாய், சென்னை மூன்றிலும் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. நீரால் அடித்துச் செல்லும் சாக்கடை இங்கே எளிதில் வரவில்லை. அதற்குப் பதிலாக மண்ணும் வாளியும் கூடையும் மனிதத் தலையும் வந்தன. ஹவுஸ்டெட்ஸில் சரிவும் மழையும் செய்த வேலையை நம் நாட்டுப் பாளையங்களில் குறிப்பிட்ட சில ஜாதியினர் தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். பட்டாளத்தின் ஆரோக்கியம் உயர்ந்ததில் அவர்களுடைய பங்கு சிறிதன்று, ஆயினும் வைத்திய அதிகாரிகளின் பெயரை அச்சிட்ட அறிக்கைகளில் அவர்கள் எண்ணிக்கையாகவும் சம்பளத் தொகையாகவுமே தோன்றுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்தப் பழைய ரோமப் படையின் முறை மேலானது என்பதே என் தீர்ப்பு.

ஹவுஸ்டெட்ஸ் கோட்டை இன்று பிரிட்டனின் தேசிய அறக்கட்டளையின் சொத்து. இங்கிலீஷ் ஹெரிடேஜ் என்னும் ஸ்தாபனம் அதைப் பராமரிக்கிறது. 1987 முதல் ஹேட்ரியன் சுவர் முழுவதும் உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே போகிறவர்களிடம், எந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் விட்டாலும் தென்கிழக்கு மூலையை விட்டுவிடாதீர்கள் என்று சொல்வேன். போக வசதியில்லாத நம்மவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பழைய பட்டாளக் குடியிருப்புகள் இருந்த நம் ஊர்களில் மாளிகைகளுக்கும் மாதாகோயில்களுக்கும் பாதுகாப்பு வேண்டுமென்று மனுக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவற்றின் பின்புறத்தில் எங்கேனும் அந்தக் காலத்துக் கழிப்பிட வரிசையோ, சலவைத் தொட்டியோ, குளிக்கும் கொட்டகையோ, தோட்டிகள் வந்துபோன சிறுவாசலோ எஞ்சியிருக்குமானால், இடிப்பதற்கு ஆள் வருமுன், அதையும் ஒருமுறை அளந்து, படமெடுத்து, அங்கே வேலை செய்த குடும்பங்களில் முதியவர்கள் இருந்தால் அவர்கள் சொல்வதையும் எழுதி வைத்துவிடுமாறு உள்ளூர்ச் சரித்திரத்தில் பற்றுள்ள ஆசிரியர்களையும் மாணவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.